ஒரு வரிக் கட்டளையும் பாட்டியின் வெளக்கும்

டிஸ்கி: இது திஸ்கி பற்றிய பதிவு. (இரண்டும் வேறு!) பொட்டி தட்டும் ஆசாமிகளுக்காக மட்டும் எழுதவில்லை. அப்பாவோ அம்மாவோ எப்போதோ தமிழில் தட்டி வைத்த கோப்பு ஒன்று உங்கள் பரணிலும் ஏதாவது சிடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவும்தான்.

தலையில் குட்டி வட்டம் வைத்த ஓர் ஆங்கில ஏ. பக்கத்தில் அரை என்கிற பின்னம். அடுத்து தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஐ. பிறகு அந்தரத்தில் தொங்கும் ஒரு கொக்கி. கடைசியாக, தலையில் அலை நெளியும் ஓ. இந்த ஐந்தையும் பார்த்தவுடன் "அட, வணக்கம்!" என்று சொன்னீர்களானால், நீங்களும் 2000 வாக்கில் தமிழ் மின்னஞ்சல் குழுக்களில் குப்பை கொட்டியவர்தான். கை கொடுங்கள். திஸ்கி என்ற குறியேற்றத்தில் எழுதிய "வணக்கம்", தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். பார்த்துப் பார்த்து அதையே படிக்கப் பழகிவிட்டிருந்தோம்.

போன வருடம் மைசூரு போயிருந்தபோது அக்கா ஒரு சிடியைக் கையில் கொடுத்தாள். அப்பா ஓய்வு பெற்ற பிறகு, 2003-லும் 2004-லும் வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டியது. அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வாழ்நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், எங்கள் தாத்தா கரூரிலிருந்து மைசூருக்கு வந்த கதையை எழுதி வைத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் பிரதி எதுவும் இல்லை. இருப்பது இந்த 43 கோப்புகள்தான். நியூ ஜெர்சிக்கு வந்து மடிக்கணினியில் திறந்தால் வட்டமும் கொக்கியும் அலையும். சரி, திஸ்கிதானே என்று அலட்சியமாக இருந்தேன். லினக்ஸில் உள்ள 'ஐகான்வ்' என்ற கட்டளைக்குத் திஸ்கி தெரியும். ஒரே வரியில் யூனிகோடுக்கு மாற்றிவிடும். மாற்றிப் பார்த்தேன். தமிழ் எழுத்துகள் வந்தன, தமிழ் வரவில்லை. அது திஸ்கி இல்லை. அந்தக் கடைக்காரர் வைத்திருந்த ஏதோ ஓர் எழுத்துரு. கடை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். பழங்காலக் கணினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 256 இடம். கீழ்ப் பாதி 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விட்டது. மீதி 128-க்குள் நம்முடைய 247-ஐ எப்படித் திணிப்பது? ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோர் செய்தது அச்சுக்கோப்பவர் வேலை: கொம்பு தனி, கால் தனி, க தனி. "கோ" என்றால் இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளை வரிசையாக வைப்பது. கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பில் இருக்கும் வரிசை. ஆனால் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில்தான் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. ஒரு பத்திரிகையின் தளத்துக்குப் போனால் ஓர் எழுத்துரு, அடுத்ததுக்கு இன்னொன்று. இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் மின்னஞ்சலில் சண்டை போட்டுத் திஸ்கி பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் என்ற இரண்டும் வந்தன. ஒன்றுக்கு மூன்றாகத் தரம் வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை நமக்கு மட்டுமே உண்டு.

இதில் எனக்கு வியப்பான விஷயம், இந்தச் சிக்கலைப் பல வருடங்கள் முன்பே ஓரளவு தாண்டிப் போயிருந்த இடம் நான் வளர்ந்த ஊரிலேயே இருந்தது என்பதுதான். மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். சி.ஐ.ஐ.எல். என்றால் மைசூருக்காரர்களுக்குப் புரியும். 1969 ஜூலை 17-ல் தொடங்கியது. (செம்மொழித் தமிழ் நிறுவனம்கூட முதலில் 2006-ல் இங்கேதான் ஒரு மையமாக ஆரம்பித்து, 2008-ல் சென்னைக்குப் போனது.) பள்ளிக்கூட நாட்களில் அந்த வாசலை எத்தனை முறை சைக்கிளில் கடந்திருப்பேன்! உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

1991-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ஒரு வேலை, ஒவ்வொரு மொழிக்கும் சுமார் 30 லட்சம் சொற்கள் கொண்ட தரவகம் உண்டாக்குவது. தரவகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: அந்த மொழியில் மக்கள் நிஜமாகவே எழுதிய உரைநடையைப் பல துறைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கணினியில் ஏற்றிய தொகுப்பு. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 1961-ல் அச்சான ஆங்கிலத்திலிருந்து 10 லட்சம் சொற்களை எடுத்துச் செய்தார்களே, அந்த வழி. இந்தியாவில் ஹிந்தி, பஞ்சாபி டில்லி ஐஐடிக்கும், மராத்தி, குஜராத்தி புணே டெக்கன் கல்லூரிக்கும் போயின. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் மைசூருவுக்கு. 1981 முதல் 1990 வரை அச்சானவற்றிலிருந்து இலக்கியம், சமூகவியல், அறிவியல், வணிகம், அலுவலக மொழி, மொழிபெயர்ப்பு என்று பிரித்து எடுத்தார்கள்.

30 லட்சம் சொல். நம் வலைப்பதிவுகளில் ஒரு பதிவு 500 சொல் என்றால் 6,000 பதிவு. மொக்கைப் பதிவு இல்லை, அச்சில் வந்ததைப் பார்த்து ஒருவர் தட்டி, தட்டியதை இன்னொருவர் பிழை பார்க்க வேண்டிய சங்கதி.

அவர்கள் பயன்படுத்திய குறியேற்றம் இஸ்கி. 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 13194 என்று எண் போட்டு வெளியிட்டது. இஸ்கியின் அடிப்படை எண்ணம் அழகானது. இந்திய எழுத்துகள் எல்லாம் ஒரே குடும்பம். க என்ற ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே எண், 179. அதைத் தமிழ் வடிவில் காட்டுவதா, கன்னட வடிவிலா, தேவநாகரியிலா என்பது மேலே ஒரு குறியால் தீர்மானமாகும். அதைவிட முக்கியம், எழுத்துகளை ஒலிக்கும் வரிசையில் வைத்தது. "கோ" என்றால் முதலில் க, அப்புறம் ஓகாரம். கொம்பு முன்னால், கால் பின்னால் என்பதெல்லாம் திரையில் வரைகிறவன் தலைவலி. கோப்பின் தலைவலி இல்லை.

இதன் பலன் பிற்பாடு தெரிந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் ஷெஃபீல்டும் 2000-ல் 'எமில்' என்றொரு திட்டம் தொடங்கின. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களின் மொழிகளுக்குக் கணினித் தரவு சேர்ப்பது நோக்கம். மைசூரு நிறுவனமும் கைகோத்தது. இரண்டும் சேர்ந்து 14 மொழிகளின் தொகுப்பாக, எல்லாம் யூனிகோடில், வெளிவந்தது. இஸ்கியிலிருந்து யூனிகோடுக்குப் போவது கிட்டத்தட்ட வீடு மாறாமல் கதவு எண் மட்டும் மாறுவது போல, ஏனென்றால் யூனிகோடின் இந்தியப் பகுதிகளே இஸ்கியின் 1988 வடிவத்தைப் பார்த்து அடுக்கியவை. வலைத்தளங்களிலிருந்து எடுத்த எழுத்துருக் குப்பைதான் அவர்களைப் படுத்தியது. அதற்கென்றே லங்காஸ்டரில் ஆண்ட்ரூ ஹார்டி 'யூனிகோடிஃபை' என்று ஒரு நிரல் எழுத வேண்டி வந்தது. இதே காலத்தில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்நிற்க, தன் நூல்களை மயிலை எழுத்துரு, திஸ்கி, யூனிகோடு என்று மூன்று வீடு மாற்றிக்கொண்டிருந்தது. சம்பளம் இல்லாமல்.

என் கதைக்கு வருகிறேன். அப்பாவின் கோப்பு எந்த எழுத்துரு என்று தெரியாது. தெரியாத பூட்டுக்குச் சாவி செய்ய வேண்டும். இதற்கு நான் எடுத்த கருவிகள் எல்லாம் நான் இப்போது குடியிருக்கும் இதே நியூ ஜெர்சியில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், 1970-களில் பிறந்தவை. அதிலும் ஒரு கதை உண்டு. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88-ல் புனைபெயரில் வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் சிலவற்றை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்று ஒரு பழைய வழக்கு. லீ மக்மஹோன் என்ற பெல் ஆய்வாளர், சொற்களை எண்ணி அதை ஆராய விரும்பினார். அன்றைய 'எட்' என்ற தொகுப்பியில் அந்தக் கட்டுரைகள் முழுசாக அடங்கவில்லை. அதிலிருந்து தேடும் பகுதியை மட்டும் கென் தாம்ப்சன் பிய்த்து எடுத்துத் தனிக் கருவியாக்கினார். அதுதான் 'கிரெப்'. பின்னாலேயே மக்மஹோன் தானே 'செட்' எழுதினார். கோப்பு முழுவதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல், வரி வரியாகப் படித்து, சொன்ன இடத்தில் சொன்னதை மாற்றி வெளியே விடும். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை மடை மாற்றுவது மாதிரி. 1977-ல் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரின் முதலெழுத்தில் 'ஆக்' வந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியாத உரையைப் படிக்கப் பிறந்த கருவி, யார் எழுதினார் என்று தெரிந்தும் படிக்க முடியாத உரைக்கு வந்து சேர்ந்தது!

முதலில் 'ஓடி' என்ற கட்டளையால் பைட்டுகளை எண்களாகக் கொட்டிப் பார்த்தேன். 43 கோப்பிலும் முதல் வரியில் ஒரே ஒரு பைட். எல்லாவற்றிலும் அதே எண். ஐந்து நிமிடம் விழித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளையார் சுழி! உ கிடைத்துவிட்டது. இரண்டாவது வரியில் ஐந்து பைட், ஒரு காற்புள்ளி, அப்புறம் 12-3-2003 என்பது போல ஒரு தேதி. எண்கள் ஆங்கிலப் பாதியில் இருப்பதால் பத்திரமாக இருந்தன. அப்பா கடிதம் எழுதினால் மேலே என்ன போடுவார்? மைசூர். அப்போது 'ரு' இல்லை, 2014 நவம்பர் 1-ல்தான் அரசு மைசூரு என்று ஆக்கியது. ஆக ஐந்து பைட்டில் முதலாவது ஐகாரக் கொம்பு, அடுத்தது ம, அடுத்தது சூ. கடைசி இரண்டும் சேர்ந்து ர். பிறகு அதே இரண்டில் முடியும் நாலு பைட் சொற்களைக் கிரெப் விட்டுத் தேடினால், திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது. கரூர். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஒன்றைப் பிடித்து இன்னொன்று. மூன்று வாரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. நூற்றுச் சொச்சம் வரிகளில் செட் விதிக் கோப்பு தயாரானது: இந்த எண் இருந்தால் இந்த எழுத்து.

அது பாதிதான். துண்டுகள் தமிழாக வந்தன, வரிசை வரவில்லை. கொம்பு முன்னாலேயே நின்றது. யூனிகோடும் இஸ்கி போல ஒலி வரிசை என்பதால், கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் போட வேண்டும். செட்டில் இது சுலபம்: "ஏதாவது ஒரு கொம்பு, அடுத்து ஏதாவது ஓர் எழுத்து என்று கண்டால், இரண்டையும் இடம் மாற்று." போட்டேன். திரையில் அப்பாவின் தமிழ் ஜம்மென்று வந்தது. சரி, தாத்தா எந்தக் கோயிலில் மடப்பள்ளி வேலை பார்த்தார் என்று எழுதியிருப்பாரே என்று "கோயில்" என்று கிரெப் விட்டேன். ஒன்றுகூட இல்லை. கண்ணெதிரே அந்தப் பக்கத்தில் மூன்று கோயில் நிற்கிறது!

காரணம் இது. என் விதி க-வுக்குப் பின்னால் ஏகாரத்தைப் போட்டுவிட்டு, காலைத் தனியாக விட்டுவிட்டது. க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று. நான் தேடியதோ க, ஓகாரம் என்று இரண்டு. யூனிகோடு தரத்தின்படி இரண்டும் சமம்; திரையிலும் ஒன்றுபோலவே இருக்கும்; கிரெப்புக்கு மட்டும் வேறு வேறு. அதற்குத் தெரிந்தது பைட்தான். ஆகவே "கொம்பு, எழுத்து, கால்" என்ற மூன்று துண்டு விதியை முதலிலும், இரண்டு துண்டு விதியை அடுத்தும் வைத்தேன். கோயில் கிடைத்தது.

கிடைத்த கையோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. "எங்க தாத்தா போ்". "எல்லோரும் சோ்ந்து". என்னடா இது? அப்பா ர் என்பதைக் கால் தட்டி மேலே புள்ளி வைத்துத் தட்டியிருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. "பேர்" என்ற சொல்லில் கொம்பு, ப, கால், புள்ளி என்று இருக்க, என் விதி கொம்பையும் காலையும் பார்த்தவுடன் ஓகாரம் என்று முடிவு கட்டிவிட்டது. இது அப்பாவின் தவறு மட்டும் இல்லை. "தோ்தல்" என்று எத்தனை செய்தித் தளங்களில் பார்த்திருக்கிறீர்கள்? அதே நோய். மருந்து ஒரு வரிதான். கால் மேல் புள்ளி வந்தால் ர், கால் மேல் இகரச் சுழி வந்தால் ரி, என்று எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றிவிட வேண்டும். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வர வழியே இல்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஆனால் முதல் விதியாக வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் உருப்படாது.

ஆர்வக்கோளாறில் சொற்களை எண்ணலாம் என்று தோன்றியது. 1986-ல் டக்ளஸ் மக்கில்ராய் ஆறே கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்து, எந்த உரையிலும் அதிகம் வரும் சொற்களை எண்ணிக் காட்டினாரே, பக்கம் பக்கமாக நிரல் எழுதிய டொனால்ட் கனூத்துக்குப் பதிலாக? அதை அப்படியே போட்டேன். முதல் கட்டளை, ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரி முறிவாக மாற்று என்கிறது. அப்பாவின் 43 கோப்பும் ஒரே ஒரு வெற்று வரியாக வந்து நின்றது. ஒரு மொழியே "அல்லாதவை"யில் போய்விட்டது. தமிழுக்கு மாற்றி எழுதிய பிறகுதான் எண்ணியது. இன்னொரு வேடிக்கை: "தமிழ்" எத்தனை எழுத்து என்று எண்ணச் சொன்னால் பைட் கணக்கில் 15 என்கிறது, குறியீட்டுக் கணக்கில் 5 என்கிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகும் என் மகள் 3 என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி.

ஆனாலும் பழைய கருவிகள் தமிழைத் தொடவாவது முடிகிறதே, அதற்கு யூடிஎஃப்-8 காரணம். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு டைனரில் ராத்திரிச் சாப்பாட்டு மேசை விரிப்புக் காகிதத்தில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் போட்ட கணக்கு அது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். ஆனால் அதில் ஒன்றுகூட ஆங்கிலப் பைட்டோடு குழம்பாது. அதனால் 1970-களின் கிரெப்பும் செட்டும் தமக்குத் தெரியாமலே தமிழ் பேசின. எமில் தொகுப்பு வந்தது இரண்டிரண்டு பைட் யூனிகோடில். அதை அப்படியே கிரெப்பிடம் கொடுத்தால் இது உரையே இல்லை என்று கை விரிக்கும். முதலில் ஐகான்வ் போட்டு யூடிஎஃப்-8 ஆக்க வேண்டும்.

இனிதான் நான் செய்த அபத்தம்.

பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதியும் ள-வும் ஒரே துண்டு. அதனால் மௌனம் "மெளனம்" என்றும், கௌரவம் "கெளரவம்" என்றும் வந்திருந்தன. எகரக் கொம்பும் ள-வும் சேர்ந்து வந்தால் ஔகாரம் ஆக்கு என்று ஒரு விதி போட்டேன். வெள்ளிக்கிழமையெல்லாம் உடைந்து நொறுங்கியது. சரி, ள-வுக்கு மேல் புள்ளியோ இகரமோ ஏதாவது இருந்தால் தொடாதே, வெறும் ள என்றால் மட்டும் மாற்று என்று திருத்தினேன். மௌனம், கௌரவம், பௌர்ணமி எல்லாம் சுத்தமாக வந்தன. பெருமிதத்தோடு அசலின் மேலேயே எழுதச் சொல்லி, 43 கோப்பையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் போன்.

"டேய், பாட்டி பேசறதெல்லாம் என்னமோ மாதிரி இருக்கேடா. வௌக்குன்னு வருது. அது என்ன வௌக்கு?"

அப்பா, பாட்டி பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறார். "வெளக்கு வெக்கிற நேரத்துல என்னடா தூக்கம்?" "வெளக்குமாத்த எங்கடி வெச்சே?" புத்தகத் தமிழில் விளக்கு, பாட்டி வாயில் வெளக்கு. அங்கே கொம்பும் வெறும் ள-வும் நியாயமாகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 17 இடத்தில் என் விதி பாட்டியைத் திருத்திவிட்டிருந்தது. நல்லவேளை, அசல் சிடி மேசை டிராயரில் இருந்தது. இல்லையென்றால் அப்பா தட்டிய பிழை எது, பாட்டி பேசிய பேச்சு எது, நான் செய்த குளறுபடி எது என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. எங்கள் 43 கோப்புக்கே இந்தப் பாடு. 30 லட்சம் சொல் வைத்திருந்தவர்கள் பேச்சுத் தமிழ் வரும் கதைகளை எப்படிப் பிழை பார்த்திருப்பார்கள் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

விதிகளையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, விதிவிலக்குச் சொற்களுக்குத் தனிக் கோப்பு ஒன்று வைத்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். "மைசூர்" என்பதை "மைசூரு" ஆக்கவில்லை. அவர் எழுதிய வருடத்தில் அது மைசூர்தான்.

அக்கா இன்னொன்றும் கேட்டாள். அவள் பெண் மைசூரில் கன்னடம் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க வராது. "அவளுக்குக் கன்னடத்துல போட்டுக் குடுக்க முடியுமாடா?" இஸ்கி இருந்திருந்தால் குறியை மாற்றினால் போதும். யூனிகோடில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தனித்தனி வீடு, ஆனால் ஒரே அறை அமைப்பு. தமிழ் க-வின் எண் 2965, கன்னடத்துக்கு 3221. சரியாக 256 தள்ளி. எல்லா எழுத்துக்கும் 256 கூட்டு என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன்.

"என்னடா, அங்கங்க கட்டம் கட்டமா வருது?"

ன-வும் ழ-வும்! கன்னடத்தில் அந்த இரண்டு அறையும் காலி. இதில் சோகம் என்னவென்றால் பழங்கன்னடத்தில் ழ இருந்தது, யூனிகோடிலும் இருக்கிறது. ஆனால் அதை வேறு மூலையில் வைத்து, 'ஃப' என்று தப்பான பெயரும் சூட்டிவிட்டார்கள். பெயர் பிழை என்று தரத்திலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள், யூனிகோடு விதிப்படி வைத்த பெயரை மாற்ற முடியாதாம். (நம் ஆய்தத்துக்கு அங்கே விசர்க்கம் என்று பெயர். நமக்கும் ஆறுதல்.) அந்த எழுத்தைப் போட்டால் இன்றைக்குக் கன்னடம் படித்த குழந்தைக்கு அடையாளம் தெரியாது. ன-வுக்கு அவர்களுடைய ந, ழ-வுக்கு அவர்கள் எழுதுவது போலவே ள என்று விதி போட்டு மறுபடி அனுப்பினேன். தம்பி "தம்ப்பி" ஆகத்தான் வரும், வல்லினத்துக்கு நான்கு ஒலி வைத்திருப்பவர்களுக்கு நம் ஒற்றை ப எப்படிப் புரியும்? அதை அவள் காதால் திருத்திக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அக்கா மகளே கூப்பிட்டாள். பாட்டி வரும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாளாம்.

"மாமா, கொள்ளுப்பாட்டி வெளக்கு வெளக்குன்னு சொல்றாங்களே, அது நம்ம பெளகுதானே?"

கன்னடத்தில் வெளிச்சத்துக்குப் பெளகு. அதிலும் கொம்பு, அதிலும் வெறும் ள. அப்பா எங்காவது கன்னடப் பேச்சையும் எழுதியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. சிடியை எடுத்துத் தேடினேன். பணிமனைக் கதையில் இரண்டு இடம். விதிவிலக்குக் கோப்பில் வெளக்குக்குக் கீழே பெளகு என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி ஓட்டினேன்.